பச்சை சோப்பு டப்பா

"அகப்பையக் காட்டினா?"

"மூஞ்சியத் திருப்பிக்கிறா."

"பாய்த்துண்டு?"

"வாங்கிக் கீழ போட்டுட்டா. கோவத்துல போட்டாக்கூட தேவலாம் மேடம். தேங்கா மட்டையப் போடுற மாதிரி போட்டா."

"சீப்பு?"

"எதையும் நம்ப மாட்டேங்குறா. அஞ்சு சாமானும் அந்தப் பையிலதான் கெடக்கு, பாருங்க."

சொல்லிவிட்டு செவ்வந்தி முறத்தில் இருந்த முளைக்கீரையை மறுபடி ஆய ஆரம்பித்தாள். கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்ணுக்குத் தடவிய மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. 'நம்ப' என்ற சொல் மட்டும் ஸ்ரீவித்யாவின் காதில் நின்றது. இரண்டு வருடமாக இந்த வீட்டுக்கு வருகிறாள். சாப்பிட மாட்டேங்குறா, தூங்க மாட்டேங்குறா, கடிக்கிறா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். நம்ப மாட்டேங்குறா என்று செவ்வந்தி இதுவரை சொன்னதில்லை.

ஒரு புதன் விட்டு ஒரு புதன் ஸ்ரீவித்யா தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி, திருவாரூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து இந்த ஊருக்கு வருவாள். காப்பகத்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்வது அவள் வேலை. பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. வளர்ப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பாள். அப்படி அவள் பார்க்கும் ஏழு வீடுகளில் கடினமான பிள்ளை இந்த வீட்டில்தான் இருந்தாள்.

எழில்மொழிக்கு ஒன்பது வயது. நாலு வயதில் நாகூர் தர்காவின் கந்தூரித் திருவிழாக் கூட்டத்தில் தனியாக நின்றவளைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். பேச்சு கிடையாது. சொன்னாலும் புரியாது. வலிப்பு வரும். பெயர் காப்பகத்தில் வைத்தது. பேசாத புள்ளைக்கு மொழின்னு பேரா என்று தெருவில் கேலி செய்தபோது, "காது கேக்காத உம் மாமியாளுக்கு இசையரசின்னு பேரு வைக்கல?" என்று செவ்வந்தி கேட்டாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

சொல் புரியாவிட்டாலும் பொருள் புரிந்தது. அதைக் கண்டுபிடித்தது ஸ்ரீவித்யா. சாப்பாட்டுக்கு முன்னால் அகப்பையைக் கையில் கொடுக்க வேண்டும். தூக்கத்துக்குப் பாய்த்துண்டு. வெளியே போவதற்குச் சீப்பு. மருந்துக்கு, மருந்து அளக்கும் வெள்ளை மூடி. வாய்க்காலில் குளிக்கப் போவதற்குப் பச்சை சோப்பு டப்பா. ஸ்ரீவித்யா முதலில் பிளாஸ்டிக் பொம்மைச் சாமான்கள்தான் கொண்டுவந்தாள். பிள்ளை அவற்றைச் சீந்தவில்லை. செவ்வந்திதான் வீட்டுச் சாமான்களாக மாற்றினாள். எட்டு மாதம் ஆனது. ஒருநாள் எழில் தானாக வந்து அகப்பையை எடுத்து செவ்வந்தியின் மடியில் வைத்தாள். அன்றைக்கு செவ்வந்தி போனில் பேச முடியாமல் அழுதது ஸ்ரீவித்யாவுக்கு நினைவிருக்கிறது.

முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தாள். "சாமானைக் கையில குடுத்துட்டா அது நடந்தே ஆகணும் செவ்வந்தி. மழை பெஞ்சாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி. அது அவளுக்கு நீங்க குடுக்குற வாக்கு."

ஸ்ரீவித்யா எழுந்து ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்து விரித்துப் பார்த்தாள். அகப்பை, பாய்த்துண்டு, சீப்பு, மூடி.

"நாலுதானே இருக்கு. சோப்பு டப்பா எங்க?"

"இருக்கும் மேடம். அடுப்படியில எங்கயாவது கெடக்கும்."

"எடுத்துட்டு வாங்களேன்."

செவ்வந்தி முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

உள்ளே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எழில் உட்கார்ந்திருந்தாள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். கையால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக யார் கொடுத்ததையும் அவள் வாயில் வாங்கவில்லை. யாரும் பார்க்காதபோது டப்பாவில் இருந்த பொரியைத் தானே அள்ளித் தின்றாள். குடத்தில் தானே மொண்டு குடித்தாள். மருந்தைத் தயிர்சோற்றில் கலந்து கொடுப்பது வழக்கம். சோறு இறங்காததால் மருந்தும் இறங்கவில்லை. நேற்று காலையில் ஒருமுறை வலிப்பு இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்றைக்கு ஆறு மணி வேளை மருந்தும் உள்ளே போகவில்லை என்றால் ராத்திரியே கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கையில் சேர்த்தால் காப்பகத்துக்குத் தகவல் போகும். கொஞ்ச நாளைக்கு எங்களிடமே இருக்கட்டும் என்பார்கள். அந்தக் 'கொஞ்ச நாள்' எவ்வளவு நீளம் என்று ஸ்ரீவித்யாவுக்குத் தெரியும். போன வருடம் மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து அப்படிப் போன பையன் இன்னும் திரும்பவில்லை.

வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. செவ்வந்தியின் புருஷன் செல்லதுரை உர சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு சொட்டச் சொட்ட வந்தான். ஒன்பது நாளாகக் கொள்முதல் நிலையத்து வாசலில் குறுவை நெல்லோடு கிடக்கிறான். பகலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். மழை வந்தால் தார்ப்பாய், வெயில் வந்தால் கிளறல்.

"வாங்க மேடம். எப்ப வந்தீங்க?"

"இப்பதான். நெல்லு போட்டாச்சா?"

"எங்க? நமக்கு முன்னாடி முப்பது பேரு. அடி நெல்லு மொளச்சு பச்சப் பசேல்னு நிக்கிது. சம்பாவுக்கு நாத்து பத்தலன்னா அங்கேருந்தே பறிச்சுக்கலாம்னு வரிசையில பக்கத்துல கெடக்குற சித்தீக் சொல்லுறான்." சாக்கை உதறிக் கொடியில் போட்டான். "துளி சிரிப்பு வேணுமே, அதுக்காவ சொல்லிக்கிறது. புள்ள எதாவது தின்னாளா?"

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னா, மூஞ்சி ரெண்டும் ஒரு மாதிரி இருக்கு?"

செவ்வந்தி எழுந்து உள்ளே போனாள். அரிசி டிரம்மின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. முழங்கை வரைக்கும் அரிசிமாவு ஒட்டிய கையோடு வந்து, பச்சை சோப்பு டப்பாவை ஸ்ரீவித்யாவின் முன்னால் தரையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வெள்ளிக்கெழம வேம்பக்கா வயல்ல நடவு," என்றாள்.

"அது தெரியும்," என்றான் செல்லதுரை.

"உங்களுக்கு நடவுதான் தெரியும்."

அவள் மெதுவாகச் சொன்னாள். வேம்பக்கா வயல் தாழ்ந்த வயல். மெஷின் இறங்கினால் அமுங்கிவிடும். கையால்தான் நட வேண்டும். பன்னிரண்டு பேர் உள்ள கூட்டு, ஒருவர் வயலில் மற்றவர்கள் முறை வைத்து நடுவார்கள். "எழில் வந்த வருசம் என்னால ஒருத்தர் வயலுக்கும் போவ முடியல. ராவும் பகலும் இவ தலைய முட்டிக்கிட்டு அழுதா. நம்ம வயல் நடாம கெடந்தப்ப, கூப்புடாமலே வந்து எறங்கினாங்க பதினொரு பேரும். வேம்பக்காவுக்கு அப்ப காச்சல். அந்தக் காச்சலோட வந்து நட்டுச்சு. அது வயலுக்கு நான் எப்படிங்க போவாம இருக்குறது?"

"போவாதன்னு யாரு சொன்னா? எப்பவும் துரைராசு பொண்டாட்டிதானே புள்ளயப் பாத்துக்கும்."

"அது அன்னைக்குத் தரங்கம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிடுச்சு. மொத நாள் சொல்லவே இல்ல. காலையில போயிப் பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு. அங்க வயல்ல நாத்து முடியெல்லாம் வீசிட்டாங்க. வானம் கருத்துக்கிட்டு வருது. வேம்பக்கா ரெண்டு தடவ ஆள் வுட்டுடுச்சு."

"ம்."

"இவள உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவலாம்னு பாத்தேன். வீட்டுக்குள்ளயே வர மாட்டேன்னுட்டா. வாசக் கம்பியப் புடிச்சிக்கிட்டா. இழுத்தா கடிக்கிறா. அவளும் அழுவுறா, நானும் அழுவுறேன். யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல. நானா யோசிச்சு..." அவள் டப்பாவைப் பார்த்தாள். "இத எடுத்துக் கையில குடுத்தேன்."

ஸ்ரீவித்யாவின் மடியிலிருந்த நோட்டுப்புத்தகம் திறந்தே இருந்தது. பேனாவை மூடினாள்.

யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்று செவ்வந்தி சொன்னது உண்மை இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் அவள் ஸ்ரீவித்யாவுக்குப் போன் செய்திருந்தாள். ஸ்ரீவித்யா அப்போது தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் இருந்தாள். மகன் வசிஷ்ட் படிப்புக்காக சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ரயில் வந்து நின்றுவிட்டது. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் போன். மறுமுனையில் பிள்ளையின் அலறலும் செவ்வந்தியின் குரலும் கலந்து வந்தன. 'அரை நாள்தானே செவ்வந்தி, அவளுக்குப் பிடிச்ச சாமானா ஏதாவது கையில குடுத்து உள்ள உக்கார வச்சுட்டுப் போயிட்டு வாங்க, எதுவும் ஆகாது' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எந்தச் சாமான் என்று யோசிக்கவில்லை. அன்று மாலை திருப்பிக் கூப்பிடவும் இல்லை. மறுநாளும் இல்லை. இப்போது அந்த வாக்கியம் ஒரு எழுத்து பிசகாமல் நினைவுக்கு வந்தது.

"டப்பாவப் பாத்ததும் வாசக் கம்பிய வுட்டுட்டா," என்றாள் செவ்வந்தி. "சிரிச்சா. துண்டு எடுக்க உள்ள ஓடினா. துண்டு உள்ளதானே கொடியில தொங்கும். அவ உள்ள போனதும் நான் கதவச் சாத்திப் பூட்டிட்டேன்."

கூரையிலிருந்து மழைநீர் அண்டாவில் விழுந்துகொண்டிருந்தது.

"வேம்பக்கா வயல்லேருந்து பாத்தா நம்ம வீட்டு சன்னல் தெரியும். நான் அந்தப் பக்கம் முதுகக் காட்டிக்கிட்டே நட்டேன். பன்னெண்டு மணிக்குக் கஞ்சி குடிக்கக் கரையேறச் சொன்னாங்க. நான் ஏறல. ஏறினா வீட்டப் பாக்கணும். ரெண்டு மணிக்கு முடிச்சிட்டு ஓடியாந்து தொறக்குறேன்..." நிறுத்தினாள். "கதவுக்கு நேரா நின்னுக்கிட்டிருக்கா. துண்டு தோள்ள கெடக்கு. டப்பா கையில. ரெண்டு சடையும் தானா அவுத்து வுட்டிருந்தா. குளிக்கப் போறதுக்கு முன்னாடி நான்தானே அவுத்து வுடுவேன். அன்னைக்கு அவளா அவுத்திருக்கா, மொத மொதல்ல. பாவாட நனஞ்சு காஞ்சிருக்கு. ஏழு மணி நேரம். அழுவவே இல்லைங்க. அழுதிருந்தா பக்கத்துல யாருக்காவது கேட்டிருக்கும். போவப்போறோம்னு நின்னுக்கிட்டே இருந்திருக்கா."

முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆய்வதற்குக் கீரை மிச்சமில்லை.

"நான் என்னா பண்ணிருக்கணும்? அப்படியே தூக்கிட்டு வாய்க்காலுக்கு ஓடிருக்கணும். எனக்கு மூஞ்சிய அவகிட்ட காட்ட முடியல. டப்பாவ வாங்கி வச்சிட்டு அகப்பையக் குடுத்தேன், பசிக்குமேன்னு. என்னப் பாத்தா. அகப்பையப் பாத்தா. போயிக் கட்டில் பக்கத்துல உக்காந்துட்டா. அவ்வளவுதான்."

"செவ்வந்தி," என்றாள் ஸ்ரீவித்யா. "அன்னைக்குக் காலையில நீங்க எனக்கு போன் பண்ணப்ப..."

"டவர் கெடைக்கல மேடம். பேசவே முடியல." செவ்வந்தி தலை நிமிராமல் சொன்னாள். "டீ ஆறுது பாருங்க."

டீ எப்போதோ ஆறிவிட்டது. ஸ்ரீவித்யா தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆடை உதட்டில் ஒட்டியது. இப்போது சொல்லிவிடலாம், செல்லதுரை என்ன நினைத்தாலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வாயும் குடித்தாள்.

செல்லதுரைதான் பேசினான். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

"எங்க வீட்ல ஒரு செவலப் பசு இருந்துச்சு மேடம். கன்னு செத்துப் போச்சு. எங்கப்பா கன்னுத் தோல உரிச்சு வைக்கோல் திணிச்சு, பால் பீச்சுறப்ப முன்னாடி நிறுத்துவாரு. பசு நக்கிக்கிட்டே பால் வுடும். நான்தான் தோல் கன்னப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் நக்கிக்கிட்டே இருந்தது நிறுத்துச்சு. தலைய நிமித்தி என்னப் பாத்துச்சு. கன்னப் பாக்கல, என்னப் பாத்துச்சு. அதோட பால் மறத்துப் போச்சு. அப்புறம் அதுக்குத் தவுடு வச்சாக்கூட, நான் வச்சா திங்காது."

"அப்புறம் அந்தப் பசு?" என்று ஸ்ரீவித்யா கேட்டாள்.

"வித்துட்டாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது போலிருந்தது. சட்டென்று எழுந்து உள்ளே போனான். கட்டிலோரம் குந்தி உட்கார்ந்து, "எழிலு, அப்பா வந்துருக்கேன் பாரு. ஈர நாய் மாதிரி நாறுறேன்ல?" என்றான். அவள் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மணி ஐந்தேகால். மழை தூறலாகக் குறைந்திருந்தது.

"மேடம், என்னா செய்யட்டும்? சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்யுறேன்," என்றாள் செவ்வந்தி.

நீங்க சொல்றபடி. ஸ்ரீவித்யா டப்பாவைக் கையில் எடுத்தாள். மூலையில் பிள்ளையின் பல் பதிந்த தடம் இருந்தது. படித்தது, பயிற்சிகளில் கேட்டது எல்லாம் இருந்தும், வாயில் வந்தது ஒன்றுதான்.

"குடுத்த வாக்கு இன்னும் பாக்கியிருக்கு. இப்ப போகலாம்."

"இந்தத் தண்ணியிலயா? கரை தொட்டுப் போவுதே," என்றான் செல்லதுரை உள்ளேயிருந்து.

"நாம மூணு பேர் இருக்கோம். அவள இறங்கச் சொல்ல வேண்டாம். வந்து நின்னாப் போதும்."

செவ்வந்தி டப்பாவை எழிலின் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. மடியில் வைத்தபோது கீழே சரிந்து விழுந்தது. இரண்டாம் முறை நீட்டாமல் செவ்வந்தி அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். செல்லதுரை அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் திமிறவும் இல்லை, அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. நாற்றுக்கட்டு போல இருந்தாள்.

கொல்லை தாண்டினால் வாய்க்கால். தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. ஆகாயத்தாமரை மிதந்து வந்து படித்துறையில் மோதி விலகியது. எப்போதும் தெரியும் ஐந்து படிகளில் இரண்டுதான் தெரிந்தன. எதிர்க்கரையில் வேம்பக்காவின் வயல், ஐந்து நாள் நாற்று, இன்னும் நிமிராமல் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. இந்தப் படியில் செவ்வந்தி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மார்பளவு தண்ணீரில் எழில் ஒரு சத்தம் எழுப்புவாள். வண்டு முனகுவது போல, விட்டு விட்டு. தண்ணீரில் மட்டும்தான் அவளுக்கு அந்தச் சத்தம் வரும்.

செல்லதுரை பிள்ளையை மேல்படிக்குப் பின்னால், கரையில் இறக்கிவிட்டு, பாவாடை நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். செவ்வந்தி கட்டிய புடவையோடு இறங்கினாள். நாலாம் படியில் உட்கார்ந்தபோது தண்ணீர் மார்புக்கு வந்தது. குளிரில் தோள் நடுங்கியது. டப்பாவைத் திறந்து சோப்பை எடுத்துக் கையில் தேய்த்தாள். முகத்தில் தேய்த்தாள். எதற்காக வந்தோமோ அதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது போல, அவசரமில்லாமல், எழில் எப்போதும் விரும்புகிறபடி முதலில் வலது கை, அப்புறம் இடது கை. நுரை செம்மண் தண்ணீரில் ஒரு முழம் போய்க் கரைந்தது. பிறகு அந்த வண்டுச் சத்தத்தைத் தொண்டைக்குள் செய்து பார்த்தாள். சரியாக வரவில்லை. மறுபடி செய்தாள்.

ஸ்ரீவித்யா கரையில் குடையோடு நின்றாள். குடை பிள்ளையின் தலைக்கு மேல் இருந்தது. கைப்பையில் மருந்துப் புட்டி இருந்தது. வெள்ளை மூடி இருந்தது. போன் இருந்தது. மணி ஆறாகப் பத்து நிமிஷம்.

எழில் தண்ணீரைப் பார்த்தாள். செவ்வந்தியைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள். கை மெல்ல மேலே போய், வலது சடையின் ரிப்பனை இழுத்தது. ரிப்பன் அவிழ்ந்து தோளில் விழுந்தது. இடது சடையைத் தொடவில்லை. கை அப்படியே நின்றது.

செல்லதுரை நாடாவை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"மேடம்," என்றாள் செவ்வந்தி தண்ணீரிலிருந்து. பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். பல் கிட்டிக்கொண்டு வந்தது. "சோத்துக்கு அகப்பை சொல்லிக்குடுத்தீங்க. தூக்கத்துக்குப் பாயி சொல்லிக்குடுத்தீங்க. நான் செஞ்சது தப்புடி ஆத்தா, பொறுத்துக்கன்னு இவகிட்ட சொல்றதுக்கு ஒரு சாமான் சொல்லிக்குடுங்க மேடம். வீட்ல இல்லாட்டாலும் எங்கேருந்தாவது கொண்டாந்துடுறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிக்குடுங்க."